ஐஸ்மேல் ஆடும் ஆட்டத்தைப் பார்த்து நம் கலைக்கு எடுத்துக்கொள்வது எப்படி?

திருகோணமலைக்காரருக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிதான் ஞாபகம் வரும். விடியற்காலையில் வாடியில் ஐஸ் கட்டியை உடைத்துப் பெட்டிக்குள் கொட்டுகிற சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த ஐஸின்மேல், கத்தி பொருத்திய சப்பாத்தோடு, எங்கோ ஒரு குளிர்நாட்டுப் பெண் நாலு நிமிடம் ஆடுகிறார். அதைப் பார்த்து, உவர்மலையில் ஒரு வீட்டு விறாந்தையில் பரதம் பழகும் பிள்ளைக்கு என்ன கிடைக்கப் போகிறது என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் வீட்டில் சில பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். மாதக் கடைசிச் சனிக்கிழமையில் வகுப்புக்குப் பதிலாக, மேலைத்தேய சாஸ்திரிய இசைக்கு ஆடிய ஸ்கேட்டிங் ஒன்றைப் பார்ப்போம். தொடக்கத்தில் வரிசையாகப் பத்துக் காணொளி பார்த்து, "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனோம். அடுத்த நாள் ஒருவர் மனதிலும் ஒன்றும் நிற்கவில்லை. கீழே நான் சொல்லும் ஒழுங்கு அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அமைந்தது. நடனம் பழகுபவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். ஒரு பிள்ளையின் அண்ணன் மிருதங்கம் பழகுகிறார். அவரும் வந்து உட்காருவார். இன்னொருத்திக்கு ஆடுவதைவிட வரைவதில்தான் ஆசை. அவளுக்குத்தான் இதனால் அதிகம் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்

ஒன்றே ஒன்று. அதையே ஒரு மாதம் வைத்திருங்கள். புதியவர்களுக்கு நான் இரண்டைச் சொல்வேன்.

தாளம் தெரிந்தவர் என்றால், 1984 சரயேவோ குளிர்கால ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் ஜெயின் டோர்வில், கிறிஸ்தோபர் டீன் இருவரும் ஆடிய 'பொலேரோ'. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928இல் எழுதியது அது. அந்த ஆட்டத்துக்குக் கலைநயத்துக்கான புள்ளியாக ஒன்பது நடுவர்களும் அப்போதைய உச்சப் புள்ளியான 6.0ஐக் கொடுத்தார்கள்.

மனதைத் தொடும் ஆட்டம் வேண்டுமென்றால், 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் மாவோ அசாடா ஆடிய நீள் ஆட்டம். தனியாள் போட்டியில் முதலில் குறு ஆட்டம், பிறகு நீள் ஆட்டம் என்று இரண்டு சுற்று உண்டு. இசை, ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவின் இரண்டாவது பியானோ கொன்செர்ட்டோ, அதாவது பியானோ முன்னுக்கு நிற்க வாத்தியக் குழு கூடவே வாசிக்கும் நீண்ட இசை. நான் முதலில் இதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்டினேன். இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இதைப் பற்றியே பேசுவேன்.

பாட்டு வரி உள்ள இசைக்கு ஆடியவற்றைத் தொடக்கத்தில் தொட வேண்டாம். தனியாளாக ஆடுபவர்கள் பாடல் வரியுள்ள இசையைப் போட்டியில் பயன்படுத்த 2014 – 2015 பருவத்தில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தியவர்களுக்கு வாத்திய இசைதான். சொல் இல்லாதபோது உடம்பே முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்ப்பவரும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழகுவதற்கு அது நல்லது.

யூடியூபில் ஆடியவரின் பெயரையும் ஆண்டையும் இசையின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருந்தால் படம் தெளிவாக இருக்கும். வைபை உள்ள இடத்தில் ஒரு தடவை தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா மிச்சம்.

ஐஸைக் கையில் தொட்டுப் பாருங்கள்

சின்னப்பிள்ளை வேலை என்று நினைக்காமல் இதைச் செய்யுங்கள். ஒரு பெரிய எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் ஐஸ்துண்டு ஒன்றை விரலால் மெல்லத் தள்ளுங்கள். நீங்கள் தள்ளியதை நிறுத்திய பிறகும் அது போய்க்கொண்டே இருக்கும். அதே துண்டைச் சீமெந்துத் தரையில் தள்ளினால் உடனே நின்றுவிடும்.

ஸ்கேட்டிங்கின் அடிப்படை இதுதான். ஐஸின் மேற்பரப்பில் நீர்போல வழுக்கும் மிக மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. அதன்மேல் சுமார் 4 மில்லிமீற்றர் அகலமான உருக்குக் கத்தி ஓடுகிறது. ஒரு தடவை உந்தினால் உடம்பு நெடுநேரம் போகும். நம் பரதத்தில், முழங்காலை மடித்துத் தாழ்ந்து நிற்கும் அரைமண்டியில் இருந்து காலைத் தட்டினால்தான் அடவு என்ற அடிப்படை அசைவு. ஒவ்வோர் எண்ணுக்கும் நிலம் பதில் சொல்லும், சலங்கையும் சொல்லும். ஐஸ்மேல் ஆடுபவருக்கு அந்தத் தட்டு இல்லை. தாளம் விழுந்த பிறகும் அவர் போய்க்கொண்டே இருக்கிறார். ஆகவே அடுத்த தாளம் வரும்வரை உடம்பை என்ன செய்வது என்ற கேள்வி அவருக்கு ஒவ்வொரு கணமும் வருகிறது.

எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் உள்ள அந்த இடத்தைப் பார்க்கத்தான் நான் பிள்ளைகளைப் பழக்குகிறேன். நம் கலைக்கு எடுத்துவரத்தக்கது அங்கேதான் இருக்கிறது. பாய்ச்சலில் இல்லை, மினுங்கும் உடுப்பில் நிச்சயமாக இல்லை.

படம் பார்க்காமல் இசையை மட்டும் கேளுங்கள்

முதல் வாரம் முழுவதும் இதுதான் வேலை. பொறுமை இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போவார்கள். தாண்ட வேண்டாம்.

கொன்செர்ட்டோ முழுவதும் அரைமணி நேரத்துக்கு மேல் போகும், மூன்று பகுதிகளாக. மாவோ ஆடியது அதிலிருந்து வெட்டி ஒட்டிய சுமார் நாலு நிமிடத்தை. ஆனால் முதல் பகுதியையாவது முழுமையாகக் கேளுங்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது; போனின் சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஸ்வரங்கள் காணாமல் போய்விடும், இந்த இசை தொடங்குவதோ அந்தக் கீழ் ஸ்வரங்களில்தான். பியானோ தனியே, மெதுவாக, தூரத்துக் கோயில் மணி போல ஒவ்வொன்றாக அடிக்கிறது. ஒவ்வோர் அடியும் முந்தியதைவிடக் கொஞ்சம் பலமாக வரும். மணி மிக அருகில் வந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் வயலின்கள் எல்லாம் சேர்ந்து பெரிய மெட்டைத் தூக்கிக்கொள்ளும். கோணேசர் கோயிலுக்குப் படியேறிப் போகும்போது, முதலில் மணிச்சத்தம் மட்டும் கேட்டு, மேலே போய்த் திரும்பியதும் முழுக் கடலும் திடீரென்று கண்முன் விரியுமே, எனக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

கர்நாடக இசையில் ஊறிய காதுக்கு இது முதலில் குழப்பமாக இருக்கும். சுருதி பிடித்து நிற்கும் தம்புரா இல்லை. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்கள் ஒலிக்கின்றன. இதற்கு ஒரு சின்ன வழி: எல்லாவற்றையும் கேட்க முயலாமல் ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடருங்கள். முதல் தடவை பியானோ. அடுத்த தடவை வயலின். மேலைத்தேய இசையில் சோகம் கலந்த 'மைனர்' என்று சொல்லும் ஸ்வர வரிசைகளில் ஒன்று நம் நடபைரவியோடும், இன்னொன்று கீரவாணியோடும் ஒத்துப்போகும். இந்தக் கொன்செர்ட்டோ மைனரில் தொடங்குவதால், அந்த இராகங்கள் பழகிய காதுக்கு அங்கங்கே பிடி கிடைக்கும். இராகம் என்று சொல்லிவிட முடியாது, கமகம் கிடையாது. ஆனாலும் முகம் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டத்தில் கண்டதுபோல ஓர் ஆறுதல்.

பொலேரோவை எடுத்தவர்களுக்கு இந்தப் படி இன்னும் இலேசு. பக்கமேளம் ஒன்று தொடக்கத்தில் இருந்து முடிவுவரை ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. மூன்று எண் கொண்ட இரண்டு ஆவர்த்தனம். எங்கள் மிருதங்கக்காரத் தம்பி அதைக் கேட்ட உடனே வாயால் சொன்னார்: தா தகிட தா தகிட தா தா, தா தகிட தா தகிட தகிட தகிட. 'தா' வரும் நேரத்துக்குள்ளேயே 'தகிட' முழுவதும் அடங்க வேண்டும். கையில் தட்டிச் சொல்லிப் பாருங்கள். ஏறத்தாழ 15 நிமிடம், நூற்றுக்கு மேற்பட்ட தடவை இதுவே வரும். மெட்டும் இரண்டே இரண்டுதான். வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து சத்தம் மட்டும் வளர்ந்துகொண்டு போகும். அலுக்காமல் எப்படி வளர்க்கிறார் என்று கவனியுங்கள். ஒரே ஜதியைப் பல தடவை ஆட வேண்டி வரும் எவருக்கும் அது பாடம்.

எந்த நேரத்தில் கேட்பது என்றும் சொல்லிவிடுகிறேன். திருவிழாக் காலத்தில் ஊரில் ஒலிபெருக்கிக்குக் குறைவில்லை. காலை ஐந்தரைக்கு முன் எழும்பிக் கேளுங்கள். அல்லது மாலையில் டச்பே கடற்கரையில், சனம் குறைந்த பக்கமாகப் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

இரண்டாம் வாரம் படம் மட்டும். சத்தம் பூச்சியம். இசை ஓடும்போது அது நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும், கால் என்ன செய்கிறது என்று பார்க்க விடாது. யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதி உண்டு. ஒரு தடவை அப்படியும் பாருங்கள்.

எதைப் பார்ப்பது? பாய்ச்சல்களின் பெயர்களைப் பாடமாக்கிக்கொண்டு தொடங்க வேண்டாம். ஆறு வகைப் பாய்ச்சல் இருக்கிறது என்பதும், அதில் அக்ஸல் என்ற ஒன்று மட்டும் முன்பக்கம் பார்த்து எழும்புவது என்பதும் இப்போதைக்குப் போதும். முன்பக்கம் எழும்பிப் பின்பக்கம் இறங்குவதால் அதில் அரைச்சுற்று கூடுதல். மூன்று சுற்று அக்ஸல் என்று சொன்னாலும் உண்மையில் மூன்றரைச் சுற்று. அது எல்லாமே ஒரு செக்கனுக்கும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும்.

பார்க்க வேண்டியது கத்தியின் விளிம்பு. அந்தக் கத்தியின் அடிப்பக்கம் தட்டையானது இல்லை. நடுவில் பள்ளம், இரு பக்கமும் விளிம்பு. உள்விளிம்பில் சாய்ந்தால் ஒரு வளைவு, வெளிவிளிம்பில் சாய்ந்தால் இன்னொரு வளைவு. நல்ல ஸ்கேட்டர் பெரும்பாலும் ஏதோ ஒரு விளிம்பில்தான் ஓடுவார். நேர்கோட்டில் போவதைவிட வளைவில் போவதே அதிகம்.

இது பேசி விளங்காது. வெண்மணலில் விளங்கும். கடல் இறங்கியிருக்கும் மாலை நேரத்தில் ஈரமணலில், வெறுங்காலோடு, பெரிய வட்டமாக ஓடுங்கள். வேகம் கூடக் கூட உடம்பு தானாக வட்டத்தின் உள்பக்கம் சாயும். நின்று திரும்பிக் காலடித் தடங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் பதிந்திருக்கும். அந்த ஆழமான பக்கம்தான் விளிம்பு. என் பிள்ளைகள் இதை ஒருநாள் டச்பேயில் செய்த பிறகு, காணொளியில் சாய்வைப் பார்க்கும் கண்ணே மாறிவிட்டது. ஐப்பசி பிறந்து மழையும் கடலும் கொந்தளிக்கும் மாதங்களில் அலையோரம் போக வேண்டாம். கோயில் வீதி மணலிலும் செய்யலாம்.

தொடக்க காலத்தில் இந்த விளையாட்டில் ஐஸ்மேல் கத்தியால் எட்டு வடிவமும் வட்டங்களும் கீறுவதே பெரிய பகுதி. 'பிகர்' என்ற பெயர் வந்ததும் அதனால்தான். ஒரு தடவை கீறிய கோட்டின் மேலேயே திரும்பத் திரும்பப் பிசகாமல் போக வேண்டும், நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். 1990உடன் சர்வதேசப் போட்டிகளில் அதை நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பொங்கலன்று என் அம்மம்மா முற்றத்தில் குந்தியிருந்து கை எடுக்காமல் இழுக்கும் சிக்குக்கோலம் கண்ணில் வந்தது. புள்ளியைச் சுற்றிப் போய்த் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் கோடு. வரையும் பிள்ளைக்கு நான் கொடுத்த பயிற்சியும் இதில் இருந்துதான் வந்தது, பின்னால் சொல்கிறேன்.

சுழற்சியையும் ஒரு தடவை பாருங்கள். கையை விரித்துச் சுற்றத் தொடங்கி, கையை மார்போடு ஒடுக்கியதும் வேகம் ஏறும். தனியே உந்துவது கிடையாது. உடம்பை ஒடுக்குவதே வேகம். பிரமரி என்ற சுழற்சியைப் பழகும் பிள்ளைகள் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் கையை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். அவர்களுக்கு இதைக் காட்டினால் போதும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

மூன்றாம் வாரம் இசையும் படமும் ஒன்றாக. உங்களுக்கு இப்போது இசை தெரியும், உடம்பு போகும் பாதையும் தெரியும். இரண்டும் சந்திக்கும் மூன்று இடங்களைக் கொப்பியில் குறியுங்கள். நிமிடமும் செக்கனும் போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரே ஒரு வசனம். மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாமே பிடித்திருக்கிறது என்று எழுதினால் ஒன்றையும் பார்க்கவில்லை என்றுதான் கருத்து.

மாவோவின் ஆட்டத்தில் நான் குறித்த மூன்றையும் சொல்கிறேன். நீங்கள் பார்த்து முடித்த பிறகு படித்தாலும் சரி.

ஒன்று, தொடக்க மணி ஒலிகள். அந்த அடிகளுக்கு நடுவில் அவருடைய கைகள் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். அடுத்த ஒலி எப்போது வரும் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் அவசரப்பட்டு முந்திப் போகவில்லை.

இரண்டு, முதல் பாய்ச்சல். மூன்று சுற்று அக்ஸல். அதற்கு முன்னால் நீளமாக ஓர் ஓட்டம் வரும். அந்த ஓட்டத்தில் அவர் முகம் முழுவதும் அமைதி.

மூன்று, கடைசிப் பகுதியில் வரும் தொடர் காலடிகள். பாய்ச்சல்கள் எல்லாம் முடிந்துவிட்டன. கால் களைத்திருக்க வேண்டிய நேரம். இசையோ அப்போதுதான் பொங்குகிறது. நடனம் ஆடுபவர்கள் இந்த இடத்தைப் பத்துத் தடவை பார்க்க வேண்டும். வர்ணம் என்ற நீண்ட உருப்படியின் கடைசி அடவுக்கோவையான தீர்மானத்தில் மூச்சு வாங்கும்போது நம்மில் பலர் கையைச் சுருக்கிவிடுவோம். அவர் விரித்துக்கொண்டே போகிறார்.

பொலேரோ பார்ப்பவர்கள் முதல் 18 செக்கனைக் குறித்துக்கொள்ளுங்கள். இருவரும் முழங்காலில் இருந்தபடி மேல் உடம்பால் மட்டும் ஆடுவார்கள். அழகுக்காக மட்டும் செய்ததில்லை. வெட்டிச் சுருக்கிய இசை 4 நிமிடம் 28 செக்கன். அனுமதியோ அதிகபட்சம் 4 நிமிடம் 10 செக்கன். கத்தி ஐஸில் பட்ட கணத்தில் இருந்துதான் நேரம் கணக்கிடப்படும் என்று விதி சொன்னது. முழங்காலில் இருந்தால் கத்தி படாது. இசையைக் காயப்படுத்தாமல் விதிக்குள் நிற்க அவர்கள் கண்ட வழி, அந்த ஆட்டத்தின் மறக்க முடியாத தொடக்கமாகிவிட்டது. பாடசாலைப் போட்டிக்கு ஐந்து நிமிடம்தான் தருகிறார்கள் என்று மனம் சோரும் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

பின்கதையை இப்போது தேடுங்கள், முன்னால் வேண்டாம்

பின்கதை தெரிந்துகொண்டு பார்த்தால் நாம் கதையைத்தான் பார்ப்போம், ஆட்டத்தைப் பார்க்க மாட்டோம். ஆகவே அதை நாலாம் வாரத்துக்கு வைத்திருங்கள்.

மாவோ அசாடா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றவர். நாலு வருடம் கழித்துத் தங்கத்தை எதிர்பார்த்து சோச்சிக்கு வந்தார். முதல் நாள் குறு ஆட்டம், சோப்பின் எழுதிய நொக்டர்ன் என்ற மெல்லிய பியானோ இசை ஒன்றுக்கு. அதில் மூன்று சுற்று அக்ஸலில் விழுந்தார். பிறகும் பிழைகள் வந்தன. 16ஆம் இடம். பதக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் நீள் ஆட்டம். பதக்கத்துக்குப் போட்டியிட்டவர்கள் வருவதற்கு வெகு முன்பே அவருடைய முறை வந்துவிட்டது. மூன்று சுற்றுப் பாய்ச்சல்கள் எட்டு, ஆறு வகையிலும். முடித்துவிட்டு முகத்தை மேலே தூக்கி அழுதார், பிறகு சிரிக்க முயன்றார். நீள் ஆட்டத்துக்கு 142.71 புள்ளி, அதுவரை அவர் பெற்றதில் உயர்ந்தது. மொத்தத்தில் 16இல் இருந்து 6ஆம் இடத்துக்கு வந்தார். பதக்கம் இல்லை.

இசைக்கும் ஒரு கதை உண்டு. ரக்மானினோவின் முதலாவது சிம்பொனி 1897இல் அரங்கேறியபோது படுதோல்வி. அதன் பிறகு ஏறத்தாழ மூன்று வருடம் அவரால் பெரிதாக ஒன்றும் எழுத முடியவில்லை. நிக்கோலாய் டால் என்ற மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போனார். மெல்ல எழுதத் தொடங்கி, 1901இல் முடித்ததுதான் இந்த இரண்டாவது கொன்செர்ட்டோ. அதை அந்த மருத்துவருக்கே காணிக்கையாக்கினார்.

இந்த இரண்டு கதையையும் சேர்த்து வைத்து, விழுந்தவர் எழுந்தார் என்று சொல்லிக் கைதட்டிவிட்டுப் போகலாம். பலரும் அப்படித்தான் போகிறார்கள். எனக்கு அது போதாது. அப்படிச் சொன்னால் கேட்பவருக்கு நெஞ்சு ஒரு கணம் நிறையும், காலையில் எழும்பிச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

நான் இதைக் கற்றது என் மாணவி ஒருத்தியிடம். ஒரு விழாவில் மழை ஒழுக்கால் ஈரமான மேடையில் ஆடும்போது, காலை நீட்டி வைக்கும் நாட்டடவில் கால் வழுக்கி விழுந்தாள். காயம் பெரிதில்லை. ஆனால் சில கிழமை வகுப்புக்கு வரவில்லை. வந்த முதல் நாளே நாங்கள் மாவோவைப் பார்த்த சனிக்கிழமை. எல்லாப் பிள்ளைகளும் கடைசியில் அவர் அழுததைப் பற்றிப் பேசினார்கள். இவள் மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, காணொளியைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டு போகச் சொன்னாள். பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ரீச்சர், முதல் நாள் விழுந்த அதே பாய்ச்சலைத்தானே இவா முதல்ல செய்யிறா?"

ஆம், அதேதான். விழுந்த அந்த மூன்று சுற்று அக்ஸலைத்தான் மறுநாள் முதல் பாய்ச்சலாக வைத்தார். எடுத்துவிடவில்லை, இலேசாக்கவில்லை, பின்னுக்குத் தள்ளவும் இல்லை. அத்தனை தடவை பார்த்த என் கண்ணில் அது படவில்லை. விழுந்தவளின் கண்ணில்தான் பட்டது.

அடுத்த வகுப்பில் அவள் நாட்டடவையே முதலில் செய்யக் கேட்டாள். முதற்காலத்தில், மிக மெதுவாக. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் உடம்புப் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். மேடை ஈரம் ஒரு காரணம்தான், ஆனால் பாரம் மாறுவதற்கு முன்பே அவள் காலை நீட்டிவிடுவதும் அன்று தெரிந்தது. நானும் அதுவரை கவனிக்காத பிழை.

உங்கள் கலைக்குக் கொண்டு வாருங்கள்

இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். நானும் தவறினேன். மாவோவின் கையசைவு ஒன்றை அப்படியே எடுத்து, அபிநயத்துக்குரிய பதம் ஒன்றில் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவேயில்லை. வேகத்தில் பறந்து போகும் உடம்புக்குப் பொருந்திய கை, அரைமண்டியில் நிற்கும் உடம்பில் வெறுமனே தொங்கியது. அசைவை எடுக்க வேண்டாம். அந்த அசைவு எந்தக் கேள்விக்குப் பதிலாக வந்ததோ அந்தக் கேள்வியை எடுங்கள். எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் நான் என்ன செய்கிறேன் என்பதே அந்தக் கேள்வி.

ஆடுபவர்கள், தெரிந்த அடவு ஒன்றை வழக்கமான வேகத்தில் பாதிக்கு இறக்கி, சலங்கை இல்லாமல், தட்டும் சத்தமே கேட்காமல் செய்து பாருங்கள். சத்தத்தின் பின்னால் ஒளிந்திருந்த பிழை எல்லாம் வெளியே வரும். மிருதங்கம் வாசிப்பவர்கள் பொலேரோச் சொற்கட்டைப் பத்து நிமிடம் வாசிக்கட்டும். மிகச் சன்னமாகத் தொடங்க வேண்டும், காலம் ஏறக்கூடாது, சத்தம் மட்டும் ஏற வேண்டும். எங்கள் தம்பிக்கு முதல் நாள் மூன்றாம் நிமிடத்திலேயே காலம் ஓடிவிட்டது. இப்போது பத்து நிமிடமும் நிற்கிறார்.

வரைபவர்களுக்கு, பென்சிலை எடுக்காமல் ஒரே கோடு. காணொளியைப் பார்த்துக்கொண்டே, தாளைப் பார்க்காமல், ஆடுபவர் ஐஸ்மேல் போகும் பாதையை மட்டும் இழுங்கள். ஆளை வரைய வேண்டாம். இசை பொங்கும் இடத்தில் கையை அழுத்துங்கள், அடங்கும் இடத்தில் தளர்த்துங்கள். நாலு நிமிடம் முடிந்ததும் தாளைப் பார்த்தால் கோலம் போல ஒன்று கிடைக்கும். நம் வரைகிற பிள்ளை இப்படி ஒரு கொப்பி முழுவதும் வரைந்து வைத்திருக்கிறாள். பிறகு பிரெட்ரிக் கோட்டைக்குள் போய், அங்கே திரியும் புள்ளிமான்கள் நடக்கும் பாதையை அதே முறையில் இழுத்து வந்தாள். நான் பார்த்த அவள் படங்களில் அவைதான் மிக நல்லவை.

எழுதுபவர்கள் ஒரு பந்தி எழுதுங்கள், மணி ஒலிபோலச் சின்னச் சின்ன வசனங்களில் தொடங்கி, ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டு போய், கடைசி வசனம் ஒரே மூச்சில் ஓடட்டும். ஸ்கேட்டிங் என்ற சொல்லே அதில் வரத் தேவையில்லை.

எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். செலவு, டேட்டாக் காசும் ஒரு கொப்பியும்.

அடுத்த மாதத்துக்கு

முதல் மாதம் முடிந்ததும், சோப்பினின் முதலாவது பலாட் என்ற பியானோ இசைக்கு ஜப்பானின் யுசுரு ஹன்யு 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் ஆடிய குறு ஆட்டத்தை எடுங்கள். கணுக்கால் காயத்தால் சுமார் மூன்று மாதம் போட்டியிடாமல் இருந்துவிட்டு வந்து ஆடியது, 111.68 புள்ளி பெற்றது. இந்த விவரத்தைப் பிள்ளைகளிடம் உடனே சொல்ல வேண்டாம், அது நாலாம் வாரத்துக்கு உரியது. இசை தொடங்கிய பிறகும் அவர் அசையாமல் நிற்கும் அந்தச் சில செக்கன்களை முதலில் பாருங்கள். அசையாமல் நிற்பதும் தாளத்துக்குள்ளேதான் நடக்கிறது.

எங்கள் விறாந்தையில் இந்த மாதம் அதுதான். பிள்ளைகள் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்கும் வாரத்தில் இருக்கிறார்கள். நேற்று ஒருத்தி, பியானோ ஓர் இடத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று கொப்பியில் எழுதிக் கொண்டுவந்தாள். எந்த இடம் என்று நானும் இன்றைக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும்.